சைட் டைரியும் வழக்கும்: என் ஆய்வை எப்படி அமைப்பது?

பில்லிங் பொறியாளர், கோவை:

வணக்கம். பதினோரு வருடம் சைட்டிலும் பில்லிங்கிலும் இருந்துவிட்டு இப்போது பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கட்டுமான ஒப்பந்தத் தகராறில் வழக்கை எப்படி நடத்துகிறார்கள் என்பது ஒரு பாதி. சைட்டில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு எப்படித் தொழில் சொல்லித்தருகிறார்கள் என்பது இன்னொரு பாதி. "இது ரெண்டு பிஎச்.டி., ஒன்றை விட்டுவிடுங்கள்" என்கிறார் என் நெறியாளர். எனக்கு இது ஒரே விஷயமாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு வழி சொல்லுங்கள்.

2013-இல் தென் மாவட்டத்தில் ஓர் அரசுக் கட்டடம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். எங்கள் பி.எம். (புராஜெக்ட் மேனேஜர்) சார் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சிமென்ட் குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார். மூன்று கேள்வி கேட்பார். "இன்னிக்கு எது நின்னுச்சு? யாரால நின்னுச்சு? யாரு பாத்தாங்க?" நான் பதில் சொல்லச் சொல்ல, அவர் எதிரிலேயே டைரியில் எழுத வேண்டும். நீளமான கணக்கு நோட்டு அது. வாங்கிய அன்றே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவர் கையால் பக்க எண் போட்டுவிட்டார். நடுவில் வரி விடக்கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், வொயிட்னர் தொடவே கூடாது.

ஒரு நாள் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். "ராஃப்ட் கம்பி கட்டி முடித்து 9 நாள் ஆகிறது. திருத்திய டிராயிங் வரவில்லை. கம்பி ஃபிட்டர் 14 பேருக்கு வேலை இல்லை. மதியம் பி.சி.சி.யில் வைப்ரேட்டர் நின்றது, நம் மெஷின், அரை நாள் போனது." (ராஃப்ட் என்பது அடித்தளம், பி.சி.சி. கம்பியில்லாத கான்கிரீட், வைப்ரேட்டர் கான்கிரீட்டை இறுக்கும் மெஷின்.) நம் தப்பை எதற்கு சார் நாமே எழுத வேண்டும் என்று கேட்டேன். "நம்ம தப்ப நாமளே எழுதினாத்தான் அவங்க தப்ப எழுதினத நம்புவாங்க" என்றார்.

வேலை தாமதமாகத்தான் முடிந்தது. இறுதி பில்லில் தாமதத்துக்கு என்று அபராதம் பிடித்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் கொண்டுபோகும் ஷரத்து) இல்லை, அதனால் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு. எங்கள் கோரிக்கை 41 லட்சம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதமாக இருந்தவரை முதலாளி வழக்கே வேண்டாம் என்றுதான் இருந்தார், ஏனென்றால் 3,07,500 ரூபாய் முன்னால் கட்ட வேண்டும். 2017-இல் அது 3 சதவீதமாகக் குறைந்தது. 1,23,000 கட்டி, மூன்று வருடக் கெடு முடிவதற்குள் வழக்குப் போட்டோம். வழக்குத் தந்திரம் என்றால் கூண்டில் நிறுத்திக் கேட்கிற கேள்விகள்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பாதி இந்த மாதிரிக் கணக்கில்தான் முடிவாகிறது.

நான் சாட்சி சொன்னேன். குறுக்கு விசாரணை ரொம்ப நேரம் நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வைப்ரேட்டர் வரியை உரக்கப் படித்து, "தாமதம் உங்களால்தானே?" என்றார். அரை நாள் எங்களால், 9 நாள் டிராயிங்கால் என்றேன். தீர்ப்பில் நீதிபதி அதே வரியை எடுத்துக்காட்டி, தனக்குப் பாதகமானதையும் எழுதி வைத்திருக்கும் டைரி என்பதால் நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். பிடித்த அபராதம் திரும்பக் கிடைத்தது. விலை உயர்வுக்கான பணம் கிடைக்கவில்லை.

இனி இரண்டாவது சைட். 2018, தனியார் வேலை. இப்போது நான் மூத்தவள். என்னிடம் ஒரு தம்பி சேர்ந்தார், கெட்டிக்காரர். அதே மாதிரி நோட்டு வாங்கிக்கொடுத்து, பக்க எண் போட்டு, மூன்று கேள்வியையும் சொல்லிக்கொடுத்தேன். அங்கே 47 நாள் வேலை நின்றது. தகராறு நடுவர் முன் போனபோது அந்த 47 நாளுக்கும் டைரியில் இருந்தது "வேலை மெதுவாக நடக்கிறது" என்ற ஒரே வரி. ஆள் கணக்கு இல்லை, மெஷின் கணக்கு இல்லை. வேறு வழியில்லாமல் மேல்நிலைச் செலவு, லாப இழப்புக்கு ஹட்சன் ஃபார்முலா போட்டோம், ஒப்பந்தத் தொகையையும் தாமத நாளையும் வைத்துக் கணக்கிடுவது அது. 2006-இல் மெக்டெர்மாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஃபார்முலாக்களை ஏற்றிருக்கிறது என்று வாதம். விசாரணை நடக்கும்போதே 2023 செப்டம்பரில் பாட்லிபாய் வழக்கில் தீர்ப்பு வந்தது. இழப்பு உண்மையில் நடந்தது என்று காட்டாமல் ஃபார்முலாவை மட்டும் பிடித்துக்கொண்டு தொகை கேட்க முடியாது என்று ஆகிவிட்டது. எங்கள் 38 லட்சமும் போயிற்று.

ஒரே நோட்டு, ஒரே மூன்று கேள்வி. ஒரு டைரி வழக்கை ஜெயித்தது, இன்னொன்று காலி. எங்கே விட்டேன் என்பதுதான் என் ஆய்வே. நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுக்களில் (நடுவர் சட்டம் பிரிவு 34) சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் 60 எடுத்து அலசுவது, கூடவே 200 பொறியாளர்களிடம் ஐந்து படி அளவுகோலில் வினாத்தாள் கொடுப்பது என்று திட்டம் வைத்திருக்கிறேன். இது போதுமா?

சட்ட ஆய்வு மாணவர், சென்னை:

மேடம், இரண்டையும் பிரிக்காதீர்கள். ஆனால் 60 தீர்ப்பு என்ற திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரிவு 34-இல் நீதிமன்றம் சான்றை மறுபடி எடைபோடாது. 2015 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. டைரி எப்படி இருந்தது என்பது நடுவர் தீர்ப்பில்தான் இருக்கும், உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அதன் நிழல்கூட விழாது. இன்னொன்று, தீர்ப்புவரை வருகிற வழக்குகள் தகராறுகளின் சராசரி மாதிரி இல்லை. ஜார்ஜ் பிரீஸ்ட், பெஞ்சமின் க்ளைன் என்ற இரு ஆய்வாளர்களும் 1984-இல் இதைத்தான் சொன்னார்கள். யார் ஜெயிப்பார் என்று இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்தால் சமரசமாகிவிடும், இழுபறியானவைதான் தீர்ப்புக்கு வரும். டைரி பிரமாதமாக இருந்த சைட்டும் டைரியே இல்லாத சைட்டும் உங்கள் 60-இல் அகப்படாமலே போகலாம்.

என் யோசனை இது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளை எடுங்கள். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் நிறையக் கிடைக்கும். தீர்ப்பின் கடைசியில் வாதியுடையது ஏ1, ஏ2 என்றும் பிரதிவாதியுடையது பி1 என்றும் சான்றாவணப் பட்டியல் இருக்கும், தேதியோடு. அதை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு ஆவணமும் வேலை நடந்தபோதே எழுதப்பட்டதா, தகராறு வந்த பிறகு எழுதப்பட்ட கடிதமா என்று தேதியை வைத்து எண்ணிப் பாருங்கள். கட்டுமான வழக்கு ஒன்றில் வாதியின் ஆவணம் 34, அதில் 29 இறுதி பில்லுக்குப் பிறகு எழுதியது என்றால், அந்த சைட்டில் யாரும் ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு உட்காரவில்லை என்று அர்த்தம். உங்கள் இரண்டு பாதியும் சேருகிற இடம் அதுதான்.

உங்கள் பி.எம். சாரின் கேள்விகளைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஃபெல்ஸ்டினர், ஏபெல், சராட் மூவரும் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரை உண்டு. ஒரு தகராறு பிறப்பதற்கு மூன்று படி என்பார்கள்: நடந்தது பாதிப்பு என்று உணர்ந்து அதற்குப் பெயர் வைப்பது, அதற்கு இன்னார் காரணம் என்பது, பிறகு அவரிடம் கேட்பது. "எது நின்னுச்சு, யாரால நின்னுச்சு" என்பது முதல் இரண்டு படிதான். "யாரு பாத்தாங்க" என்பது அந்தக் கட்டுரையில் இல்லை, அது உங்கள் சாருடையது.

கற்றுத்தருதல் பக்கத்துக்கு, வழிகாட்டுதலை ஆராய்ந்த கேத்தி கிராம் 1985-இல் செய்த பகுப்பைப் பாருங்கள். வழிகாட்டி செய்யும் வேலையைத் தொழில் சார்ந்தது, மனம் சார்ந்தது என்று இரண்டாகப் பிரித்தார். பயிற்சி கொடுப்பது, சவாலான வேலை கொடுப்பது, பெரியவர்கள் கண்ணில் படவைப்பது, காப்பாக நிற்பது எல்லாம் முதல் வகை. வினாத்தாளில் "உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் போடுவார்கள். வகை பிரித்துக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற செயற்பொறியாளர்:

அம்மா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் மாறுபட்டுச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பந்தக்காரர் டைரி ஒருபுறம் இருக்கட்டும். தடை ஏற்பட்ட நாட்களைக் குறிக்கிற ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரில் எங்கள் உதவிப் பொறியாளரும் (ஏ.இ.) கையெழுத்துப் போட வேண்டும். "டிராயிங் வரவில்லை" என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் அவரைத்தான் கேட்பார்கள். அதனால் புது ஏ.இ. போடமாட்டார். உங்கள் பக்கத்துப் பையனுக்கு இருந்திருக்கக்கூடிய அதே பயம் எங்கள் பக்கத்துப் பையனுக்கும் உண்டு. இரண்டு இளைஞர்கள் ஒரே ரெஜிஸ்டரைப் பார்த்துப் பயந்து நிற்பார்கள். ஒப்பந்தக்காரர்களிடம் மட்டும் வினாத்தாள் கொடுத்தால் பாதிக் கதைதான் வரும். ஏ.இ.க்களிடமும் போங்கள்.

நான் ஏ.இ.யாக இருந்தபோது ஒரு வாய்க்கால் பாலம். முதல் முறையாக அந்த ரெஜிஸ்டரை என் முன் நீட்டியபோது கை ஓடவில்லை. என் உதவிச் செயற்பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, "தப்பு யாருதுன்னு எழுதாத. என்ன இருக்கு, என்ன இல்லன்னு மட்டும் எழுது. மணி போடு" என்றார். நான் எழுதினேன்: "காலை 10.40. பார்வையிட்டேன். அபட்மென்ட் குழி தோண்டியிருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அடைக்கவில்லை." தண்ணீரை அடைக்க வேண்டியது யார் என்று நான் சொல்லவே இல்லை. வருடக்கணக்கில் அந்த முறையில்தான் எழுதினேன், ஒரு தணிக்கையிலும் மாட்டவில்லை, ஒரு ஒப்பந்தக்காரரும் நான் பொய் எழுதினேன் என்றதில்லை.

ஆகவே உங்கள் சாரின் இரண்டாவது கேள்வி, "யாரால", வாய்மொழியாகக் கேட்கச் சரி. எழுதச் சரியா என்று எனக்குச் சந்தேகம். 23 வயதுப் பிள்ளையை "இன்னாரால் நின்றது" என்று எழுதச் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. குற்றச்சாட்டு எழுதத் துணிச்சல் வேண்டும். நடந்ததை எழுத அவ்வளவு வேண்டாம்.

அப்புறம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 55-இன் மூன்றாவது பத்தியை ஆய்வில் விட்டுவிடாதீர்கள். கெடு தாண்டி வேலையை ஏற்றுக்கொள்கிறவர், இழப்பீடு கேட்கப்போகிறேன் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு கேட்க முடியாது. கால நீட்டிப்பு உத்தரவு எழுதும்போது அபராதம் கேட்கும் உரிமையைத் தக்கவைத்து எழுதுவதற்கு அதுதான் காரணம். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு சீனியர்தான், புத்தகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

வழக்கறிஞர், மதுரை:

சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாவது சைட் கோப்புகளை ஆய்வில் பயன்படுத்தும் முன் நிறுத்துங்கள். நடுவர் சட்டத்தில் 2019-இல் சேர்த்த பிரிவு 42ஏ நடுவர் நடவடிக்கைகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்கள் பழைய நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு பக்கம்கூட ஆய்வேட்டில் போக வேண்டாம். நீதிமன்ற வழக்குக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

இப்போதெல்லாம் டைரி இருந்த இடத்தில் வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்குப் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறார்கள். என்னிடம் வருகிற கட்சிக்காரர்களில் பலர் "போட்டோ இருக்கு சார்" என்பார்கள். எடுத்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான், போனும் அவனோடு போயிருக்கும். பரிமாறிப் பரிமாறி வந்த படம்தான் கையில் இருக்கும். எந்த நிறுவனத்தில் சீனியர் "தினமும் படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கு" என்று பழக்கியிருக்கிறார் என்பதையும் வினாத்தாளில் ஒரு கேள்வியாக வையுங்கள்.

செயற்பொறியாளர் ஐயா சொன்னது குறுக்கு விசாரணைக்கும் பொருந்தும். "யாரால" என்று எழுதிய வரியைத் தாக்குவது எனக்கு எளிது. "காலை 10.40, தண்ணீர் ஓடுகிறது" என்பதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சைட் இன்ஜினியர், திருச்சி:

அக்கா, நான் படிப்பு முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு யாரும் டைரி எழுதச் சொல்லித்தரவில்லை. டெய்லி ரிப்போர்ட் எக்ஸெலில் அனுப்புவேன், அதில் "ரிமார்க்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் மாதம் அதில் உண்மையை எழுதினேன். இதெல்லாம் மெயிலில் போடாதே என்றார்கள். இப்போது "நில்" (Nil, ஒன்றுமில்லை) என்று போடுகிறேன். வினாத்தாள் வந்தால் நான் நிச்சயம் பதில் தருகிறேன்.

பில்லிங் பொறியாளர், கோவை:

நான்கு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி. மதுரை சார், பழைய நிறுவனத்துக்குச் சம்மதக் கடிதம் கேட்டு எழுதிவிட்டேன். அது வரும்வரை அந்தக் கோப்பைத் தொடமாட்டேன்.

திருச்சி தம்பி எழுதியதைப் படித்ததும் என் ஜூனியரைக் கூப்பிட்டேன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். இத்தனை வருடத்தில் ஏன் எழுதவில்லை என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை, கோபம்தான் பட்டிருக்கிறேன். இப்போது கேட்டேன்.

அவர் எழுதத்தான் செய்திருக்கிறார். வேலை நின்ற மூன்றாம் நாள் "வடக்குப் பக்க இடம் இன்னும் ஒப்படைக்கவில்லை, சென்ட்ரிங் ஆள் 11 பேர் சும்மா" என்று தனித்தாளில் குறிப்பெழுதி, டைரியில் ஏற்றுவதற்கு முன் கன்சல்டன்டின் பொறியாளரிடம் கையெழுத்துக்கு நீட்டியிருக்கிறார். அந்த வாரம் ஏழாவது ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) அளவில் சந்தேகம் என்று திரும்பி வந்திருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்து, "எதுக்குத் தம்பி வீண் பிரச்னை, பில்லப் பாரு" என்றிருக்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டார். "எழுதத் தெரியும் அக்கா. எழுதினா அன்னிக்கு ராத்திரி யார் எனக்காகப் பேசுவாங்கன்னு தெரியல" என்றார். நான் அப்போது இரண்டு சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சைட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் போனேன்.

கிராமின் பட்டியலைத் திரும்பப் படித்தேன். பயிற்சி நான் கொடுத்தேன். காப்பாக நிற்பதைக் கொடுக்கவில்லை. செயற்பொறியாளர் ஐயா, உங்கள் உதவிச் செயற்பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார் என்று எழுதினீர்கள் அல்லவா, எழுதச் சொன்ன முறையைவிட அந்த இறங்கி வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "யாரால" பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் சார் என்னை அப்படி எழுதவைக்க முடிந்ததற்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது, அதை இப்போதுதான் பார்த்தேன்.

2013 டைரியின் அசல் நீதிமன்றத்தில் இருக்கிறது, என்னிடம் ஸ்கேன் உண்டு. நேற்று ராத்திரி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். என் கையெழுத்தில் எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் கீழே சாரின் சுருக்கொப்பம் இருக்கிறது, பச்சை மையில். எழுதும்போது அதை ஏதோ வழக்கம் என்று நினைத்திருந்தேன். யாராவது அந்த வரிக்காகச் சண்டைக்கு வந்தால் முதலில் அவரிடம்தான் போயிருப்பார்கள்.

அதனால் ஆய்வை இப்படி மாற்றுகிறேன். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளின் சான்றாவணப் பட்டியலில் அன்றன்றைக்கு எழுதிய ஆவணம் எத்தனை என்பது முதல் கணக்கு. சம்மதம் தருகிற நிறுவனங்களின் டைரிகளில், இளையவர் எழுதிய வரிக்குக் கீழே வேறு யாருடைய கையொப்பம் இருக்கிறது என்பது இரண்டாவது. ஏ.இ.க்களையும் சேர்த்துக்கொள்கிறேன். 200 பேர் வினாத்தாளைப் பின்னால் பார்க்கலாம்.

ஸ்கேனில் மொத்தம் 318 நாள் பதிவு. அதில் பச்சை மை இல்லாதது 6 நாள், சார் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம். அந்த 6 நாளும் நான் எழுதியிருப்பது ஒவ்வொரு வரிதான்.